சிவப்புத் திரையும் மைத்துனனும்

கல்யாணப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரர், ஆல்பத்துக்கு அட்டை டிசைன் தேடி இன்டர்நெட்டில் ஏதோ ஒன்றைத் தட்டினார். அவ்வளவுதான். திரை முழுக்கச் சிவந்தது. உள்ளிருந்து ஒரு பெண் குரல், வீடு பற்றிக்கொண்ட மாதிரி கத்தியது. "கம்ப்யூட்டரில் வைரஸ்! அணைக்காதீர்கள்! அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும்! கீழே உள்ள எண்ணுக்கு உடனே பேசுங்கள்!"

அணைக்காதே என்றதும் அவர் கை தானாக நின்றது. பிலிம் காலத்தில் இருட்டறைக்குள்ளிருந்து அவரே எத்தனை பேரை அப்படி அதட்டியிருப்பார்! "கதவைத் தொறக்காதே" என்று குரல் வந்தால் மாமனாரானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். மீறித் திறந்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணமே வெளுத்துப்போகும். இதுவும் அந்த மாதிரி சமாச்சாரம் என்றே எடுத்துக்கொண்டார். சாயங்காலம் பெண் வீட்டார் படம் வாங்க வருகிறார்கள். வேறு நகல் கிடையாது. கேமரா கார்டை நேற்றே துடைத்தாயிற்று.

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் மனைவியின் தம்பிதான். ஆனால் இந்தப் பெட்டியை விற்றவனும் அவன்தான். உள்ளே பழைய சாமானைத் திணித்துத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று இவருக்குச் சந்தேகம். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை எல்லாம் மனைவி வழியாகத்தான். அவனிடம் போய் நிற்பதைவிட முன்பின் தெரியாதவனே மேல் என்று, திரையில் இருந்த எண்ணைப் போட்டார்.

பதமான குரல். "பதறாதீங்க சார். கம்ப்யூட்டர் கம்பெனியிலேருந்துதான் பேசறேன்."

அவன் தட்டச் சொன்னதையெல்லாம் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மவுஸ் அம்பு தானாக ஊர்ந்தது. இவர் கை மடியில் இருந்தது.

"சார், உங்களுக்குத் தெரிஞ்ச யாரோதான் வைரஸை உள்ளே விட்டிருக்காங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

மைத்துனன் விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும்? "நெனச்சேன்!" என்றார்.

"இப்ப உங்க பேங்க் பக்கத்தைத் தொறந்து உள்ளே போங்க. போன்ல ஒரு நம்பர் வரும். அதை எனக்குச் சொல்லுங்க."

படத்துக்கு வந்த நோய்க்கு பேங்க் எதற்கு? ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாஸ்வேர்டைப் போட்டார். நம்பரும் வந்தது.

முன்னறையில் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்டங்க இவ்வளவு பணிவு? என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா?"

"சும்மா இரு. ரிப்பேர்காரர்."

"அவர் நம்பரை யார் குடுத்தா?"

"கம்ப்யூட்டரே குடுத்துது."

"நல்லா இருக்கே! சீக்குல கெடக்கிற பொட்டியே டாக்டர் நம்பரையும் சொல்லுதா?"

அவள் தன் போனில் தம்பியைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "அக்கா, மாமாவை வயரைப் புடுங்கச் சொல்லு! எந்த நம்பரையும் சொல்லக் கூடாது! இதோ வரேன்!"

ஒரு காதில் அணைக்காதே, மறு காதில் பிடுங்கு. தெரியாதவன் சார் போடுகிறான். தெரிந்தவன் அதட்டுகிறான். இதில் எவன் திருடன்?

"தம்பி," என்றார் போனில், "என் மச்சினன் வர்றான். அவனும் இந்தத் தொழில்தான். நீயே அவன்கிட்ட பேசிடு."

அந்த 'சார்' போன இடம் தெரியவில்லை. "யோவ் கெழவா! நம்பரைச் சொல்றியா, இல்ல அத்தனை படத்தையும் அழிக்கட்டுமா?"

அழியாமல் காப்பாற்ற வந்தவனே அழிப்பானா? அவர் மேஜைக்கு அடியில் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு வயரை இழுத்தார். திரை இருண்டது. படம் இருக்கிறதா, போய்விட்டதா? எழுந்திருக்கவே தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மைத்துனன் மூச்சிரைக்க வந்தான். நெட் வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மறுபடி ஆன் செய்தான். மணப்பெண் திரையில் சிரித்தாள்.

"படம் அப்படியே இருக்கு மாமா. அந்தச் சிவப்பு, பயம் காட்டற வெறும் பக்கம். மூடியிருந்தா போயிருக்கும். நிஜக் கம்பெனி எதுவும் இப்படித் திரையில நம்பர் போட்டுக் கூப்பிடாது. ஆனா இவனை உள்ளே விட்டுட்டீங்களே. படத்தை வெளியே எடுத்துட்டு மொத்தத்தையும் துடைக்கணும். மொதல்ல ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு பேங்க்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தச் சொன்னார். பிறகு அவனை உற்றுப் பார்த்தார். "நெஜத்தைச் சொல்லு. வைரஸ் போட்டது நீ இல்லையே?"

"போட்டிருந்தா பில்லோட வந்திருப்பேன் மாமா."

போன் அடித்தது. "சார், பேங்க்கிலேருந்து பேசறோம், இப்ப ஒரு புகார் சொன்னீங்களே…"

"வை போனை!" என்று துண்டித்தார். கார்டைத் திருப்பி மறுபடி அவரே கூப்பிட்டார். "ஆமா சார், எங்க ஆளுதான் பேசினாங்க," என்றது ஒரு பெண் குரல்.

போனைப் பொத்திக்கொண்டு மைத்துனனிடம் கேட்டார்: "இவளை நம்பலாமா?"

"இது நீங்களா பார்த்துப் போட்ட நம்பர். நம்பலாம்."

பாதி புரிந்த மாதிரி தலையாட்டினார். வாசலில் பெண் வீட்டார் செருப்புச் சத்தம் கேட்டது. படங்களை ஏற்றிய பென் டிரைவை மைத்துனன் நீட்டினான். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் பழைய சாமான் இல்லையே?"