தின்று தீர்த்த ரொட்டி

டிவியில் மினிபஸ் டிரைவர் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, இஸ்திரி கலையாத சட்டையோடு பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து, "வாஷிங் மெஷினா, நானா, ஒண்ணைச் சொல்லு" என்று கேட்டபோது சைராகுல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பின்னணியில் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அது மேல்மாடி மினிபஸ் டிரைவர் மெலிஸ் பேசிய பேச்சு. மெலிஸ் தன் பெண்டாட்டி ஜிபாரிடம் சொன்னது. ஜிபார் மூக்கைச் சிந்திக்கொண்டே சைராகுலிடம் சொன்னது. சைராகுல், சத்தியமாக, ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னாள். அந்த ஓர் ஆளின் பெயர் கடைசியில் ஓடிய எழுத்துகளில் 'கதை, வசனம்' என்பதற்கு நேராக வந்தது. தாலாய். அவள் வீட்டின் சின்ன அறையில் வாடகைக்கு இருக்கும் பையன். கம்ப்யூட்டரில் ஏதோ வேலை என்றுதான் சொல்லியிருந்தான். தினமும் சாயங்காலம் அவளுடைய தேநீரைக் குடித்துக்கொண்டு, "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்பான். அக்கறை எங்கே போய்ச் சேர்ந்தது என்று இப்போது தெரிந்தது.

சைராகுல் கெட்டவள் இல்லை. வாய்தான் நிற்காது. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் வாசலில் யாருக்காவது பல் வலித்தால், பல் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். முற்றத்து பாப்ளர் மரத்தடியில் கிடக்கும் பெஞ்சின் இடது ஓரம் அவளுடையது. அந்த ஓரத்துக்கு அவள் கொடுத்த விலை பெரிது. மகள் பெகிமாய் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த அன்று, "அம்மா, யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அம்மாவால் மத்தியானம் வரைதான் தாக்குப்பிடிக்க முடிந்தது. சாயங்காலம் குப்பை கொட்டப் போன பெகிமாயிடம் நாலு பேர் துக்கம் விசாரித்தார்கள். அந்த வாரமே அவள் வேலை தேடி ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஜிபாருக்கு மட்டும் போன் பண்ணுவாள். அம்மாவுக்குக் கிடையாது.

அவள் கிளம்பும்போது சைராகுல் ரொட்டியை நீட்டினாள். ஊரைவிட்டுப் போகிறவர் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போகவேண்டும். மிச்சத்தைத் துணியில் கட்டி வைப்பார்கள். ஆள் திரும்பி வந்து அதைத் தின்றாக வேண்டுமே, அதனால் வந்துவிடுவார் என்று கணக்கு. பெகிமாய் ரொட்டியை வாங்கினாள், செருப்பு அலமாரி மேல் வைத்தாள், போய்விட்டாள். பெஞ்சில் சைராகுல், "அழகாக் கடிச்சா, ஓரத்துல" என்று சொன்னாள். துணி மூட்டை அடுப்படி ஆணியில் தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

மறுநாள் காலை ஜிபார் கதவைத் தட்டியபோது, இன்றோடு பெஞ்சின் இடது ஓரம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே திறந்தாள். ஜிபாரின் முகம் சிவந்திருந்தது.

"அக்கா, உன் வாடகைப் பையனைக் கூப்பிடு. என் புருஷன் என்னைக்குக்கா ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தான்? கடைசி டிரிப் முடிச்சு, வண்டி கழுவி, வரப்போ எனக்குப் பாதித் தூக்கம். அந்தச் சட்டை வேற. இவன் சட்டையில டீசல் வாடை போக நான் மூணு தண்ணி மாத்துறேன்."

"அப்போ உனக்குக் கோபம் இல்லியா?"

"கோபம் இல்லாம? டிவியில என்னை உதட்டுச் சாயத்தோட படுக்க வச்சிருக்கான்."

அவளைத் தொடர்ந்து ஆள் ஆளாக வந்தார்கள். தங்கள் கதையை ஊர் முழுக்கக் காட்டிவிட்டான் என்று ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. தப்பாகக் காட்டிவிட்டான் என்றுதான் வந்தார்கள். இரண்டாம் மாடித் தையல்காரி, "தையல் பட்டறையில மிஷின் சத்தமே கேக்கலியே, எல்லாரும் உக்காந்து டீ குடிச்சு ஜோக் அடிக்கிறாங்க, எங்க மேஸ்திரி பாத்தா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவான்" என்றாள். அந்த டிவி வீட்டில் காஸ் அடுப்பு முதல் குச்சியிலேயே பற்றிக்கொள்கிறது என்று ஒருத்தி. சண்டை போட்டால் அரை மணியில் சமாதானமாகிவிடுகிறார்கள் என்று இன்னொருத்தி. அவளும் அவள் நாத்தனாரும் பேசி நாலு வருஷம் ஆகிறது. தாலாய் தலை வாராமல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். தொடரில் வருவதற்குப் போட்டியே உண்டாகிவிட்டது. சைராகுலிடம் சொன்னால் டிவியில் வரும் என்று தெரிந்ததும், சும்மா இருந்தவர்கள்கூட ரகசியத்தோடு வந்தார்கள்.

ஜிபார்தான் போகிற போக்கில் அதைச் சொன்னாள். "எல்லாத்தையும் விடு. அந்த வீட்ல எட்டுப் பேரு. எட்டுப் பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறாங்க. ஒருத்தர்கூட வேலைக்குன்னு ரஷ்யால இல்ல. எந்த ஊரு குடும்பம்டா அது?"

சைராகுல் ஆணியில் தொங்கிய மூட்டையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் தேநீரோடு எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டங்களையும் தட்டு நிறைய வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "தம்பி, அந்த வீட்லேர்ந்து ஒருத்தரை அனுப்பிவையேன்."

"ஆளை அனுப்பினா சிரிப்பு போயிடும்க்கா."

"எங்களுக்குப் போகலியே. ஆள் போனாலும் சிரிச்சுக்கிட்டுதானே இருக்கோம்."

தாலாய் ஒரு துண்டத்தை ஜாமில் தோய்த்தபடி யோசித்தான். பெரிய மகனாக நடிப்பவன் கல்யாண சீசனில் மேடை நிகழ்ச்சி நடத்தப் போகிறானாம். எப்படியும் அவனை எங்காவது அனுப்பியாக வேண்டும். "சரி, எப்படி அனுப்புவீங்க? சொல்லுங்க."

சொன்னாள். கம்பளிச் சாக்ஸுக்குள் சுற்றி வைத்த பாதாமி ஜாம் பாட்டில், செருப்பு அலமாரி, ரொட்டி, ஓரத்தில் ஒரு கடி, கட்டிப் பிடித்துக்கொண்டது. நடந்ததில் பாதி, நடக்காததில் பாதி. கடைசியாக, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்போ அந்த அம்மா சொல்லணும். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும், தப்பு என்மேலதான்னு. இது கட்டாயம் இருக்கட்டும் தம்பி" என்றாள்.

அவன் வாயில் போட்டதை மெல்லாமல் அவளைப் பார்த்தான். சின்ன அறையில் அவன் தூங்குவது பெகிமாயின் கட்டிலில்தான் என்று அவனுக்கும் தெரியும். "எழுதுறேன்க்கா. ஆனா கடைசியில வெட்டுறது என் கையில இல்ல."

பெகிமாய் வேலை செய்யும் யெகாதெரின்பர்க் தையல் பட்டறையில் பெண்கள் இந்தத் தொடரை போனில் பார்க்கிறார்கள் என்று ஜிபார் சொல்லியிருந்தாள். சைராகுல் அடுத்த இரண்டு வாரமும் பெஞ்சில் பாதிப் பேச்சுதான் பேசினாள். உடம்பு சரியில்லையோ என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

மகன் கிளம்பும் பகுதி வரும் வியாழக்கிழமையும் வந்தது. டிவியில் மகன் பையைத் தோளில் மாட்டினான். சாக்ஸுக்குள் ஜாம் பாட்டில் போயிற்று. அம்மா ரொட்டியை நீட்டினாள். மகன் கடித்தான். நன்றாக இருந்தது போலிருக்கிறது, இன்னொரு கடி கடித்தான். அப்பா இருமினார். மகன் மென்றுகொண்டே தங்கைக்குப் புத்தி சொன்னான், மறுபடி கடித்தான். வீடே கையை நீட்டிக்கொண்டு நிற்க, முழு ரொட்டியையும் தின்று தீர்த்துவிட்டு உள்ளங்கையைத் தட்டினான். "பாவி, இப்போ எதைடா நான் கட்டி வைப்பேன்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பு கூரையைப் பிய்த்தது. அவ்வளவுதான். அம்மா வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சைராகுல் டிவியை அணைத்தாள். சின்ன அறையின் கதவு திறக்கவே இல்லை.

மறுநாள் பெஞ்சில் ஒரே அமளி. ரொட்டியை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போகிறவன் திரும்பி வருவானா? இதில் என்ன சிரிப்பு? டிவிக்காரர்களுக்குப் போன் போட்டவர்கள் மூன்று பேர். சைராகுல் தலைவலி என்று மேலே வந்துவிட்டாள். மத்தியானம் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ரஷ்ய எண். மாவுக் கையோடு எடுத்தாள்.

"அது அப்படி நடக்கல" என்றது குரல். வணக்கம் இல்லை, நலமா இல்லை.

சைராகுல் சுவரில் சாய்ந்தாள்.

"ஜாம் பாட்டில் எல்லாம் சரிதான். பாதி வழியில உடைஞ்சிச்சு, சாக்ஸ் பூரா ஜாம், அதையும் எழுதச் சொல்லு. ஆனா நான் ரொட்டியைத் திங்கல. கடிக்கவே இல்ல. நீ கடிச்சேன்னு முற்றம் பூராச் சொல்லி வச்சிருக்கியாமே."

"சொன்னேன்."

"எதுக்கு?"

"கடிக்காமப் போனான்னு எப்படிடி சொல்றது?"

மறுபக்கம் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சாப்பாட்டு இடைவேளை போலிருக்கிறது. டிவி அம்மா சொல்லாத வார்த்தைகள் சைராகுலின் தொண்டையில்தான் இருந்தன. வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜிபார் வந்தாள், பெஞ்சின் சூடு முகத்தில் அப்படியே இருந்தது.

"அக்கா, தலைவலின்னு வந்துட்டு யாருகிட்டப் பேச்சு? யாரு போன்ல?"

சைராகுல் அவளைப் பார்த்தாள். பெஞ்சில் சொல்ல இதைவிடப் பெரிய சேதி தனக்கு ஒரு வருஷமாகக் கிடைத்ததில்லை.

"பிளாஸ்டிக் ஜன்னல் விக்கிறவன்" என்றாள். "விடமாட்டேங்கிறான்."

"வை போனை. அவனுங்ககிட்ட என்ன பேச்சு?" ஜிபார் இன்னும் கொஞ்ச நேரம் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

"எத்தனை ஜன்னல் வேணும் உங்களுக்கு?" என்றாள் பெகிமாய். குரலில் சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"பெகிமாய், நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

போன் காதுக்குள் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மகள் வீடியோவுக்கு மாறியிருந்தாள். முகம் இளைத்திருந்தது. தலையில் நூல் துணுக்குகள். "அந்த ரொட்டி இருக்கா? காட்டு."

சைராகுல் ஆணியிலிருந்து மூட்டையை இறக்கி, ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்தாள். செங்கல்லாகக் காய்ந்த முழு ரொட்டி. போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"கூரை தெரியுது. கீழே இறக்கு. ம்."

பெகிமாய் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, மடியிலிருந்த டப்பாவிலிருந்து கறுப்பு ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். மிச்சத்தைக் கேமரா பக்கம் திருப்பினாள். கடித்த இடத்தில், பிறைபோல் விழுந்த பல் தடத்தின் நடுவே, சின்னதாக ஒரு திட்டு எழும்பி நின்றது. எட்டு வயதில் இந்த முற்றத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்த பல் தொடாமல் விட்ட இடம். பெகிமாய் பக்கத்து மிஷினிலிருந்து பூப்போட்ட வெட்டுத் துணி ஒன்றை இழுத்து, அந்தத் துண்டை அதில் வைத்து, நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.