ரத்தினம்மாவின் ஆடாதோடை

தங்கச் சுரங்கத்து ஊரான மாரிகுப்பத்தில், தொழிலாளர் குடியிருப்பு லைன் ஒன்றின் கோடியில் இருந்தது ரத்தினம்மாவின் வீடு. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, மூன்று பக்கமும் ஆடாதோடை வேலி. ஆடு வாய் வைக்காத செடி என்பதால் வேலிக்கு நட்டிருக்கிறாள் என்று லைனுக்குப் புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் அதை நட்டது புருஷனுக்காக.

புருஷன் பெயர் தசரதன். மாரிகுப்பம் வரை ரயில் வராத காலத்தில் இருவரும் குடியாத்தத்துப் பக்கமிருந்து வந்தார்கள். பவுரிங்பேட்டையில் இறங்கி, ஒரு மாட்டு வண்டியின் பின்னாலேயே நடந்தார்கள். தசரதனுக்குச் சுரங்கத்தில் டிரில் பிடிக்கும் வேலை கிடைத்தது. பாறையைக் குடையும்போது வெள்ளைத் தூள் புகைபோல எழும்பும். ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்போது அவன் இமை மயிர்கூட நரைத்துப்போனதுபோல இருக்கும். ஐந்தாம் வருஷம் இருமல் பிடித்தது. ஆறாம் வருஷம் துண்டில் ரத்தம் பட்டது.

ரத்தினம்மா அவனைப் பேத்தமங்களாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே தெலுங்கு பேசும் வைத்தியர் ஒருவர் இருந்தார். தன் வீட்டுப் பின்புறச் செடி ஒன்றைக் காட்டி அட்டசரம் என்றார். பார்த்ததும் அது ஆடாதோடை என்று அவளுக்குத் தெரிந்தது. முற்றிய இலையாகப் பறித்துத் தணலில் வாட்ட வேண்டும், சூடு ஆறுமுன் கசக்கிப் பிழிய வேண்டும், சாற்றில் தேன் குழைத்துக் காலையும் மாலையும் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். நடுவதற்குப் பத்துப் பன்னிரண்டு கொம்புகளும் வெட்டிக் கொடுத்தார்.

எட்டே நாளில் ரத்தம் நின்றது. தசரதன் மறுபடி வேலைக்குப் போனான். அடுத்த மழைக்காலத்தில் ரத்தம் திரும்பியது. சாறு கொடுத்தாள், நின்றது, போனான். மூன்றாம் தடவையும் அப்படியே. நாலாம் தடவை சாற்றுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஒரு மார்கழி மாதம் அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை.

அதன் பிறகு ரத்தினம்மா காலையில் ஒரு துரை பங்களாவில் பாத்திரம் தேய்த்தாள். மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பாள். இருமல் வந்தவர்கள் இலைக்காக வருவார்கள். கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், இழுப்பு நோய்க்காரர்கள் வந்தார்கள், டிரில் பிடிக்கிறவர்களும் வந்தார்கள். குழந்தைகளுக்குத் தேனை அதிகமாக விட்டாள். இழுப்புக்காரர்களுக்குத் திப்பிலியும் அதிமதுரமும் சேர்த்துக் கஷாயமாகக் காய்ச்சினாள். நாளாக நாளாக, வேலிக்கு அந்தப் பக்கம் இருமும்போதே அது என்ன இருமல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சளி இருமல் கட்டி உடைவதுபோல வரும். கல்தூள் இருமல் வறண்டு, சின்னதாக, தகரத்தைச் சுரண்டுவதுபோலக் கேட்கும். அவர்களுக்கும் சாறு பிழிந்து கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

யாரும் உட்கார மாட்டார்கள். தாலியறுத்தவள் வீடு, அதிலும் ரத்தம் கக்குகிறவர்கள் வந்து போகிற வீடு. கிண்ணத்தை வேலிக்கு வெளியிலேயே வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். பல நாட்களில் ஆறவைத்துக் குடி என்று சொல்வதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருக்காது.

ஒரு ஐப்பசியில் ஆபிரகாம் வந்தான். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். சொந்த ஊர் பேர்ணாம்பட்டு. மனைவியும் இரண்டு பெண்களும் அங்கே இருக்க, இவன் மட்டும் ஒண்டிக்கட்டைகள் லைனில் தங்கி டிரில் பிடித்துக்கொண்டிருந்தான். துண்டில் ரத்தம் பார்த்துப் பயந்து வந்திருந்தான். சாற்றை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தான். அக்காவுக்கு எந்த ஊர் என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது ரத்தினம்மாவுக்குத் தன் குரலே புதிதாக இருந்தது.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வந்தான். ஆண்டர்சன்பேட்டை வேதக்கோவிலில் பாட்டுக் கூட்டத்தில் இருப்பதாகவும், இப்போது மூச்சுப் பிடிக்க முடியாததால் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள் என்றும் சொன்னான். கீழே சுரங்க லெவலில் எலிகள் சோற்று மூட்டையை அவிழ்க்கிற சாமர்த்தியத்தைச் சொன்னான். பெரிய பெண் ஊமத்தம்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அடி வாங்கிய கதையைச் சொன்னான். மூச்சு வாங்கும்வரை பேசுவான், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பான். ரத்தினம்மா அந்த மரக்கட்டையைத் துடைத்து வைக்க ஆரம்பித்தாள். ஷிஃப்ட் சங்கு ஊதியதும் அடுப்பை மூட்டினாள்.

பத்தாம் நாள் ரத்தம் நின்றது. திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னான். போகாதே என்று சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் ஊருக்குப் போய்விடுவான் என்பதும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். அவன் வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலம் வந்து உட்கார, கார்த்திகையும் மார்கழியும் அப்படியே போயின.

தை பிறந்து நாலாம் நாள் அவன் துண்டை மடித்துப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தான். துண்டை விரித்துக் காட்டவில்லை. ரத்தினம்மா எழுந்திருக்கவில்லை.

"இன்னாக்கா, இலை இல்லியா?"

"இருக்குது. உனக்குக் குடுக்கப்போறதில்ல."

அவன் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான்.

"எங்க வீட்டுக்காரருக்கு மூணு வாட்டி குடுத்தேன் தம்பி. மூணு வாட்டியும் ரத்தம் நின்னுது. நின்னதும் கேஜ் ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்கிட்டாரு. இந்த இலை ரத்தத்தைத்தான் நிறுத்தும். உள்ள போன கல்லுத்தூளை எடுக்காது. நான் சாறு புழிஞ்சு புழிஞ்சு அவரை உள்ளதான் அனுப்பினேன்."

ஆபிரகாமின் சிரிப்பு நின்றது.

"அப்போ போன வாட்டியே ஏன் சொல்லல?"

என்னவோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு அதற்குத் தெம்பில்லை.

"நீ வந்து குந்திப் பேசிக்கினு இருந்த. ஊருக்குப் போயிடுவியேன்னு சொல்லல."

அவன் எழுந்து போய் வேலியில் தானே ஒரு கை இலையைப் பறித்துக்கொண்டு நடந்தான். அவள் தடுக்கவில்லை.

ஒன்பது நாள் வரவில்லை. மகனுக்கு இலை வாங்க வந்த பாக்கியவதி என்பவள், அந்தப் பேர்ணாம்பட்டு ஆள் தினமும் இலையைத் தணலில் போட்டுக் கருக்கிக்கொண்டிருக்கிறான், ஒரு சொட்டுகூடச் சாறு இறங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ரத்தினம்மா ஒண்டிக்கட்டைகள் லைனுக்குப் போனாள். இன்னொருவர் வாசலுக்கு அவள் போனது தசரதன் செத்தபிறகு அதுதான் முதல் தடவை. ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆபிரகாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் உள்ளே போயிருந்தது. ஊருக்குப் போவதாக இருந்தால் ரத்தம் நிற்கிறவரை தானே செய்து கொடுப்பதாகச் சொன்னாள். அங்கே போய் என்ன செய்வது, நிலமா இருக்கிறது என்றான். மச்சான் தோல் பதனிடும் ஷாப்புக்கு வண்டி ஓட்டுவதாகச் சொன்னாயே என்று நினைவுபடுத்தினாள். பிறகு பெண்களுக்கு என்ன வயது என்று கேட்டாள்.

"பெரியவளுக்கு ஏழு. சின்னதுக்கு நாலு. சின்னது என்னைப் பார்த்தா ஓடும்க்கா. ஆள் அடையாளம் தெரியாது." பிறகு, "சரி, போறேன்" என்றான்.

அடுத்த பதினோரு நாள் அவள் போய்க் கொடுத்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அவன் கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பழைய பேச்சு வரவில்லை. கிளம்பும் நாளில் ஸ்டேஷனுக்கும் போனாள். ஓடைக்கரை எல்லாம் இந்தச் செடி இருக்கும், பழுத்த இலையைப் பறிக்காதே, தேன் இல்லாமல் குடிக்காதே என்று மறுபடி சொன்னாள். அவன் தலையாட்டினான். வண்டி நகர்ந்தபோது கையைத் தூக்கினான். இருமல் வந்ததால் கையை இறக்கி வாயைப் பொத்திக்கொண்டான்.

பங்குனியில் பேர்ணாம்பட்டிலிருந்து வந்த ஒருவன் ஒரு பொட்டலம் புளி கொண்டுவந்து வேலிக்கு வெளியே நின்று கொடுத்தான். ஆபிரகாம் மச்சானோடு வண்டியில் போகிறான், மேட்டில் நடந்தால் மூச்சு வாங்குகிறது, ரத்தம் அப்புறம் ஒரே ஒரு தடவை வந்தது, சின்னப் பெண் இப்போது அவன் பக்கத்தில்தான் படுக்கிறாள் என்று சொன்னான். அவனை உட்காரச் சொன்னாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவன் போய்விட்டான். ஆபிரகாம் பாடுகிறானா என்று கேட்க நினைத்திருந்தாள், கேட்கவில்லை.

அன்றிலிருந்து, தகரம் சுரண்டுகிற இருமலோடு யார் வந்தாலும் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் இலை பறித்தாள். இது நிறுத்தும், குணமாக்காது, முடிந்தால் போய்விடு என்றாள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். சிலர் கிண்ணத்தைத் தொடாமலே திரும்பினார்கள். ரத்தினம்மா அபசகுனமாகப் பேசுகிறாள் என்று லைனில் பேச்சு பரவியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். குழந்தைக்காரிகள் மட்டும் வந்தார்கள், அவர்களும் அவசரமாக.

ஆடி மாதம் ஒரு காலை பங்களாவுக்குப் போகும் வழியில், சுந்தரராஜ் என்ற டிரில்காரனின் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்தாள். சித்திரையில் அவள் சொன்னதைக் கேட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனவன். பக்கத்து வீட்டுக்காரி, அவர்கள் பெட்டி படுக்கையோடு நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள், இனி சுரங்கம் வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள் என்றாள். அவனுக்கு யார் புத்தி சொன்னார்களோ என்றும் சொன்னாள்.

ரத்தினம்மா அந்தப் பூட்டைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றாள். நெஞ்சு நிறைந்து வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். பங்களாவில் பாத்திரங்கள் கிடக்கும் என்று நினைவு வந்து, ரத்தினம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.