எழுதிக் கொடுத்துவிட்டு வா

ஸ்கூட்டர் சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள் மகேஸ்வரி.

“கெளம்பு கண்ணு. நேரமாச்சு.”

கூடத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது. ராமாபுரத்திலிருந்து காலையில் வேன் பிடித்து வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நடுவில் ஐஸ் பெட்டிக்குள் வேலாயுதம் படுத்திருந்தார். உயிர் போய் எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்பனைக் கிடத்திவிட்டு ஒற்றை மகளை ஆபீசுக்கு அனுப்புகிற வீட்டை அவர்கள் எங்கே கண்டார்கள்!

“அம்மா, நான் எப்படிம்மா...” ஸ்ரீதேவி அவிழ்ந்த தலையை முடியக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

“எழுதிக் குடுத்துட்டு வா. நீ வர்ற வரைக்கும் அப்பாவ யாரும் எடுக்க மாட்டாங்க. நான் இருக்கேனில்ல?”

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஸ்ரீதேவி வாயெடுத்து, மூடிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் உறவுத் துறையை மூடப்போகிறார்கள். பிள்ளைகள் சேருவதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். அந்தத் துறையில் மிச்சமிருக்கும் ஒரே நிரந்தர ஆசிரியை ஸ்ரீதேவி. இன்று ஒரு மணிக் கூட்டத்தில் அவள் நேரில் நின்று எதிர்ப்பை எழுதிக் கொடுத்தால், விதிப்படி முப்பது நாள் மூடாமல் வைத்து வெளியாட்களின் ஆட்சேபங்களையும் கேட்டாக வேண்டும். போகாவிட்டால் இன்றைக்கே பூட்டு.

வேலாயுதத்தின் தம்பி காளியப்பனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. கொஞ்ச நேரம் பந்தலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கடைசியில் வந்து நின்றார்.

“ஏனுங்க அண்ணி, இதென்ன கூத்துங்க? செவ்வாக்கெழம. மூணு மணிக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள எடுத்தாகோணும்.”

“அவ வரட்டுங்க.”

“வரலீன்னா?”

“நாலரைக்கு மேல எடுக்கலாம்.”

“அஞ்சரைக்கு மயானத்துல கேட்டப் பூட்டிருவானாமா!”

“அப்ப நாளைக்கு எடுக்கலாம்.”

“சிவ சிவா!” என்று காதைப் பொத்திக்கொண்டார் காளியப்பன்.

பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. மகேஸ்வரி முந்தானையால் கணவர் முகத்துக்கு நேரே துடைத்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அவர் மேலேயே. ஆஸ்பத்திரியில் நாள் தவறாமல் “செவ்வாக்கெழமதான கூட்டம்?” என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர், இன்னும் ஒரு நாள் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

இரண்டரை ஆயிற்று. ஸ்ரீதேவியின் போன் அணைந்து கிடந்தது. மயான வண்டிக்காரன் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, “லேட் ஆய்த்து அண்ணா” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினான். காளியப்பன் தோள்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நாலு ஆண்களை உள்ளே கூப்பிட்டார்.

“பொம்பளைக எல்லாம் கொஞ்சம் ஒதுங்குங்க. தூக்குங்கப்பா.”

மகேஸ்வரி எழுந்திருக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“மேல கை வெச்சா என்னையும் சேத்துத் தூக்குங்க.”

நாலு பேரும் காளியப்பன் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஒரு காலேஜ் டிபார்ட்மென்டுக்காகப் பொணத்தப் போட்டு வெப்பாங்களா? ஊர் சிரிக்காதா?” காளியப்பனுக்குக் குரல் உடைந்துவிட்டது. “எங்கண்ணனுங்க அவரு!”

அப்போது சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சித்தையன் எழுந்தார். வேலாயுதத்தோடு பம்புத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் பிரஸ் மெஷினில் நின்றவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெள்ள நடந்து வந்து, மகேஸ்வரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“காளியப்பா, எங்களுக்குக் கன்னடம் பேச வரும். படிக்க வராது. புது யூனிஃபாரத்துக்குன்னு கன்னடத்துல ஒரு காயிதம் நீட்டுனாங்க. நாப்பத்தோரு தமிழாளுக கையெழுத்துப் போட்டோம். நாங்களே வேலைய விட்டு நின்னுக்கறோம்னு அதுல எழுதியிருந்துச்சு.”

“தெரியுமுங்க. அண்ணன் சொல்லியிருக்கு.”

“வேல திரும்பக் கெடச்சது தெரியும். யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு சொல்லிச்சா? யூனியனே கைய விரிச்சிருச்சு. இப்ப மூடப்போற அந்த டிபார்ட்மென்ட்டு வாத்தியாரு ஒருத்தரு ஒம்போது மாசம் எங்களோட லேபர் ஆபீசு படியேறுனாரு. ஒரு டீ வாங்கிக் குடிக்கல மனுஷன். உங்கண்ணன் மகளக் கொண்டுபோய் அங்க படிக்கச் சேத்ததே அதனாலதான்.”

சித்தையன் காலை நீட்டிக்கொண்டார். “ராகு காலத்துல வேலாயுதத்துக்கு என்ன கெட்டுப்போகும்? நானும் இங்கதான் ஒக்காந்திருக்கேன்.”

கூப்பிட்டு வந்த நாலு பேரில் ஒருவன் நழுவி வெளியே போனான். மற்றவர்களும் போனார்கள். மூன்று அடித்தது.

மூன்றே முக்காலுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஸ்ரீதேவி வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பேச விட்டாங்களா?” என்று கேட்டாள் மகேஸ்வரி.

“மொதல்ல விடலம்மா. துக்க வீட்டுலேருந்து ஏன் வந்தீங்கன்னு எல்லாரும் அழாத கொறையாக் கேட்டாங்க. அப்பாவுக்காக ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னாங்க. ஒக்காந்தாங்க. ஒடனே அடுத்த விஷயம்னு பக்கத்தத் திருப்பிட்டாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நான் ஒக்காரலம்மா. நின்னுக்கிட்டே இருந்தேன். கடைசில வாங்கிக்கிட்டாங்க. பதிவு பண்ணிக் கையெழுத்தும் போட்டாங்க. முப்பது நாள்.”

காளியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

“பதினாறு கும்புடற வரைக்கும் நீ வெளிய எங்கயும் போகக் கூடாது அம்மிணி. அது போனா பாக்கி பதினாலு நாள்தான?”

தடுப்பதற்காகக் கேட்கவில்லை, நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

“தீட்ட நான் காத்துக்கறேன்” என்றாள் மகேஸ்வரி. “ஆளுகளப் பாத்து எழுதி வாங்க அவளுக்கு முப்பதும் வேணும்.”

காளியப்பன் அண்ணியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “நாலரைக்கு எடுக்கறோம், வண்டியத் திருப்பி நிறுத்தப்பா” என்றார்.

மகேஸ்வரி சித்தையன் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். அந்த ஒரு முழ இடத்தில் ஸ்ரீதேவி வந்து உட்கார்ந்தாள்.