சாப்பாட்டு மேசையில் செய்த ஸ்பீக்கர்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டில் ரம்பச் சத்தம். சண்டை போடத்தான் ஏறினேன், கதையோடு இறங்கினேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தார். சொந்தமாக ஸ்பீக்கர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வரி: "மரத்தூள் மணக்கும் அந்த அறையில் அவருடைய கனவு மெல்ல..." (வேண்டாம். கனவு என்று எழுதினாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

மறுபடி: "பசை காயும்வரை மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்."* இது தேறும்.

* பசை பிடிக்கக் கனம் வேண்டும். வீட்டிலேயே கனமானது நீதான் என்றாராம். அன்று அவருக்குச் சாப்பாடு கிடைக்க நேரமாயிற்று.

2

மேசை அவளுடையது, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. அதை அறுக்கக் கொடுத்தாளே, ஏன்? அவளுடைய அண்ணன் கடை போட்டு ஸ்பீக்கர் விற்கிறவன். மாப்பிள்ளை செய்கிற பெட்டியில் கோழி வளர்க்கலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தவன். அவன் வாயை அடைக்க வேண்டும், அதுதான் பேச்சு. முடியாவிட்டால் பெட்டிகளைப் பிரித்துத் திரும்ப மேசையாக்கித் தர வேண்டும், அப்புறம் ஜென்மத்துக்கும் ரம்பத்தைத் தொடக் கூடாது. இரண்டு மாதமாகத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

(அண்ணனைக் கொஞ்சம் நல்லவனாக்கலாமா? எத்தனை தடவை அடித்து எழுதினாலும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான்.)

3

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். கண்ணாடிக்காரர் கடைசி ஒயர்களை அவசர அவசரமாக மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

பாடகியின் குரல் வந்தது. ஆனால் அவள் எந்தப் பக்கம் நின்று பாடுகிறாள் என்றே தெரியவில்லை. டிரம் சத்தம் காலி டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. கண்ணாடிக்காரரின் முகம் செத்துவிட்டது.

முடிவு அ: மச்சான் சிரிக்கிறான், பெட்டிகள் மேசையாகின்றன. (பாவம், எழுதவே மனசு வரவில்லை.)

முடிவு ஆ: கோளாறு என்னவென்று அவரே கண்டுபிடித்து... (பதற்றத்தில் இருக்கிற மனுஷனுக்கு அதெல்லாம் தோன்றாது.)

4

சரி, ஒத்துக்கொள்கிறேன். மாடி வீடெல்லாம் புளுகு. அந்த அண்ணன் நான்தான். இந்த சோபாவில் உட்கார்ந்துதான் இதை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை வருஷமாக ஸ்பீக்கர் விற்கிறேன்! முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பெட்டியில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, பேஸ் என்கிற அடிநாதம் மொத்தமும் அடிபட்டுப் போகிறது. மாற்றி மாட்ட அரை நிமிஷம் போதும்.

ஆனால் அந்தக் குரல்! கோளாறோடேயே இப்படி என்றால், சரியாக மாட்டினால் எப்படி இருக்கும்? என் கடையில் இருக்கிற எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. வாயைத் திறந்தால் தோற்றேன். திறக்காவிட்டால் இதைக் கேட்காமலேயே வீட்டுக்குப் போக வேண்டும்.

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. தங்கச்சி என்னையே பார்க்கிறாள்.

"சொல்லுண்ணா, எப்படியிருக்கு?"

பாட்டு முடிய இன்னும் ஒன்றரை நிமிஷம் பாக்கி. இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. எழுந்திருக்கட்டுமா, உட்கார்ந்திருக்கட்டுமா, நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், கை பரபரக்கிறது.