காதில் பூசிய ஊதா மருந்து

உரப்பை அசைந்தது. காலை ஆறரை மணிக்குக் கேற்றைத் திறந்த சுதாஜினி, கேற்றடியில் கிடந்த அந்தப் பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியும். எத்தனை என்பதுதான் தெரியாது. அவிழ்த்தாள். ஐந்து நாய்க்குட்டிகள், கண் திறந்து சில நாட்களே ஆனவை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஐந்தும் பெட்டை. ஆண் குட்டிகளான கடுவன்களை வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டைகளை மட்டும் கட்டிக்கொண்டு வந்து போட்டவர், இந்நேரம் ஒன்றும் தெரியாதவர் போல எங்கோ தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

கண்டாவளைப் பக்கத்தில் சுதாஜினியின் வீட்டு வளவுக்குப் பின்னால் இருபத்தெட்டு நாய்கள் இருந்தன. இன்றோடு முப்பத்துமூன்று. அடிபட்டவை, கைவிடப்பட்டவை, இப்படிப் பையில் வந்தவை எல்லாவற்றையும் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது அவளுடைய வேலை. சம்பளம் தரும் வேலை முன்பள்ளியில். இது மனதுக்காகச் செய்கிற வேலை. ஓட்டோ வைத்திருக்கும் கிருசாந்தனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் கைகொடுப்பார்கள்.

நாய்களிடம் உருகிப்போகிற சுதாஜினிக்கு மனிதர்களிடம் மட்டும் நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணமும் இருந்தது. முதல் வருடம் நெடுங்கேணிப் பக்கத்தால் ஒருவன் வந்து, பிள்ளைகள் விளையாட என்று சொல்லி இரண்டு நாய்களைக் கொண்டுபோனான். அவன் காட்டுப்பன்றி வேட்டைக்காரன். பன்றி கிழித்த வயிற்றோடு ஒரு நாயைக் கேற்றடியில் இறக்கிவிட்டுப் போனான்; அது அவள் மடியில்தான் செத்தது. அன்றிலிருந்து நாய் கேட்டு வருகிற எவரைக் கண்டாலும் அவள் கண் சுருங்கிவிடும். 'இவன் வேட்டைக்கோ, சங்கிலியில் கட்டிப்போடவோ, ஒரு கிழமையில் துரத்திவிடவோ?' என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

அந்தக் கணக்கை அவள் ஒரு படிவமாகவே அடித்து வைத்திருந்தாள். முன்பு ஒரு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தபோது, வீட்டுத்திட்டத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்யப் புள்ளி போடுகிற படிவம் ஒன்று இருந்தது. தலைப்பை மாற்றி, சில கேள்விகளைத் திருப்பிப் போட்டு அதையே நாய்க்கும் வைத்துக்கொண்டாள். நிரந்தர வீடு என்றால் இருபது புள்ளி. சுற்றுமதில் இருபது. மாதாமாதம் படம் அனுப்ப நல்ல போன் இருந்தால் பத்து. அறுபதுக்குக் கீழே என்றால் நாய் கிடையாது.

பெட்டைக் குட்டிகளுக்குப் பால் பருக்கிக்கொண்டிருக்கும்போது கிருசாந்தனின் ஓட்டோ வந்து நின்றது.

"அக்கா, எங்கட செம்பியைக் கண்டனான்."

"செம்பி விமலேஸ்வரி ரீச்சர் வீட்டிலயெல்லோ?"

"இல்லையக்கா. வாய்க்கால்கரையில ஒரு கொட்டில் வாசல்ல படுத்திருக்கு. வால் நுனி கோணல். நான் பிழையா அடையாளம் பிடிப்பனோ?"

"ஆற்ற கொட்டில்?"

"ராசுவின்ர."

பால் போத்தல் சுதாஜினியின் கையில் அப்படியே நின்றது.

ராசுவை அவளுக்கு நினைவிருந்தது. மாசி மாதம் வந்திருந்தான். நாற்பது வயது மதிக்கலாம். கூலிக்கு வயலில் பூச்சிமருந்தடிப்பவன். அவனுடைய தகப்பன் காலத்தில் மலையகத்திலிருந்து வந்து வாய்க்கால்கரையில் குடியேறிய குடும்பம். செம்பு நிறத்தில், குட்டியுமல்லாத நாயுமல்லாத பருவத்தில் நின்ற செம்பியைத்தான் கேட்டான். வீடு தகரக் கொட்டில். மதில் இல்லை, பனைமட்டை வேலி. போன் பொத்தான் போன். இருபத்தைந்து புள்ளிகூடத் தேறவில்லை. 'மருந்தடிக்கப் போறவன், பன்றிக்கும் போவான்' என்று நினைத்துக்கொண்டு இல்லை என்றுவிட்டாள். அடுத்த கிழமை அதே செம்பி, எண்பத்தைந்து புள்ளி எடுத்த விமலேஸ்வரி ரீச்சரின் வீட்டுக்குப் போனது. கல்வீடு, ஆளுயர மதில், நீலக் கேற். ரீச்சர் மாதம் தவறாமல் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மூன்றாவது படம் நான்கு நாளைக்கு முன்புதான் வந்தது.

நான்கு நாளைக்கு முன்பு நாய் ரீச்சர் வீட்டில் நின்றிருக்கிறது. இன்றைக்கு ராசுவின் கொட்டிலில். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ரீச்சருக்குப் போன் எடுத்தாள். பாடசாலை நேரம், பதில் இல்லை. முன்பள்ளி விட்டு வந்து நாய்களுக்குச் சோறு வைத்ததும், இரண்டு மணிபோலக் கிருசாந்தனின் ஓட்டோவில் ஏறி நேரே வாய்க்கால்கரைக்குப் போனாள்.

ராசு வாசலில் பூச்சிமருந்தடிக்கும் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் செம்பி. சங்கிலி இல்லை. ஓட்டோவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது.

"வாங்க மிஸ்" என்றான் ராசு. குரலில் ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தையும் சுதாஜினி குறித்துக்கொண்டாள்.

"இந்த நாய் உமக்கு எப்பிடி வந்தது?"

"நெல்லு மில்லடியில கெடந்துச்சு மிஸ். மூனு நாளா அங்கயே நின்னு போற வாற வாகனத்தெல்லாம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எலும்பும் தோலுமா. தூக்கிட்டு வந்துட்டேன்."

"எப்ப?"

"பங்குனியில. மூனு மாசமாச்சு."

சுதாஜினி போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நாலு நாளைக்கு முந்தி ரீச்சர் அனுப்பின படம். செம்பி அவவின்ர வீட்டுப் படியில இருக்கு. மூண்டு மாசமாம். ஆருக்குக் கதை விடுறீர்?"

ராசு ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் படத்தையே பார்த்தான். "இதுல காதுல மருந்து இருக்கே மிஸ்" என்றான் மெதுவாக.

"கதையை மாத்தாதையும்! தரேல்லை எண்டதும் மதில் பாய்ஞ்சு களவெடுத்திருக்கிறீர். பொலிசுக்குச் சொல்லட்டோ?"

அக்கம்பக்கத்துக் கொட்டில்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பக்கத்து வீட்டு வடிவம்மா, "அந்தப் புள்ள அப்படிப்பட்டவன் இல்லம்மா" என்று தொடங்கினாள். 'அவையின்ர ஆக்கள் அவைக்குத்தானே கதைப்பினம்' என்று நினைத்துக்கொண்டு சுதாஜினி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கிருசாந்தன் செம்பியைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினான். ராசு தடுக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதையும் அவள் குற்றத்தின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ரீச்சர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுதாஜினிக்கு மனம் நிறைந்திருந்தது. ரீச்சர் துடித்துப்போயிருப்பார், நாயைக் கண்டதும் அழுதே விடுவார் என்று நினைத்தாள்.

நீலக் கேற் அரைவாசிதான் திறந்தது. விமலேஸ்வரி ரீச்சர் தலையை நீட்டி ஓட்டோவுக்குள் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்ன பிள்ளை, இதை ஏன் இஞ்ச கொண்டந்தனி?"

"செம்பி, ரீச்சர்! வாய்க்கால்கரையில ஒருத்தன் களவாக் கொண்டுபோய் வைச்சிருந்தவன்."

"இது எங்கட நாயில்லை. எங்கட நாய் பின்னால கட்டிக் கிடக்கு."

"அப்ப ஒருக்காப் பாப்பமே."

"இப்ப ஏலாது. வெளிநாட்டு ஆக்கள் வந்து நிக்கினம்."

செம்பி ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. நீலக் கேற்றைக் கண்டதும் இருக்கைக்குக் கீழே போய்ச் சுருண்டு நடுங்கத் தொடங்கியது. சுதாஜினி எத்தனையோ நாய்களைப் பார்த்தவள். களவுபோய்த் தன் வீட்டுக்குத் திரும்பி வந்த நாய் இப்படி நடுங்காது என்று அவளுக்குத் தெரியும். 'காதுல மருந்து இருக்கே மிஸ்' என்ற குரல் அப்போதுதான் அவள் காதில் ஏறியது.

போனை எடுத்து மூன்று படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். படியில் செம்பி, மாமரத்தடியில் செம்பி, செவ்வரத்தைப் பூமரத்துக்குப் பக்கத்தில் செம்பி. மூன்றிலும் இடது காதில் ஊதா மருந்து. அந்த மருந்தைப் பூசியவளே அவள்தான், ஒப்படைத்த அன்று காலையில். ஒரு கிழமையில் கழன்றுவிடுகிற மருந்து மூன்று மாதமாகப் புதிதாகப் பூசியது போல இருக்கிறது. ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார் ரீச்சர். ஊரையெல்லாம் சந்தேகித்தவள், இந்தப் படங்களை ஒரு முறைகூடச் சந்தேகிக்கவில்லை. மதிலுக்குப் பின்னாலிருந்து வந்த படம் அல்லவா!

"மில்லடியில விட்டது நீங்கள்தானே ரீச்சர்?"

ரீச்சரின் குரல் இறங்கியது. "என்னைப் பிழையா நினையாத பிள்ளை. பெட்டையெல்லே. ரெண்டு கிழமையில கேற்றடி முழுக்கக் கடுவன் நாயள். படிச்ச ஆக்கள் வாற வீடு, வெக்கமா இருந்தது. மில்லடியில எண்டால் ஏதாவது தின்னக் கிடைக்கும் எண்டுதான்."

"சினைப்படாம ஒப்பரேசனுக்கு நாங்களே கூட்டிக்கொண்டு போவம் எண்டு சொன்னனானே. ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

"உன்னட்டத் திருப்பித் தந்தால் நீ என்ன நினைப்பாய்? ஊர்தான் என்ன சொல்லும்?" என்ற ரீச்சர், கொஞ்சம் தெம்பு வந்தவராக, "அந்தத் தோட்டக்காட்டான் வைச்சிருக்கிறான் எண்டால் இருக்கட்டுமே. இதுக்குப் போய் ஏன் பெரிசா..." என்றார்.

சுதாஜினி போனைப் பைக்குள் போட்டாள். ஓட்டோவில் ஏறினாள். அவளுக்கு ரீச்சர்மீது வந்த கோபத்தைவிடத் தன்மீது வந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது. மலையகத்தாரை இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லை ரீச்சர் வாய்விட்டுச் சொன்னார். அவளோ அதைச் சொல்லாமலே படிவத்தில் எழுதி, புள்ளியும் போட்டு வைத்திருந்தாள்.

போர் முடிந்து மீள்குடியேறிய வருடம் அவள் நினைவுக்கு வந்தது. அவளும் அம்மாவும் தறப்பாள் கொட்டிலில் இருந்தார்கள். அப்பா காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் இல்லாததால் அம்மா விதவையாகக் கணக்கில் வரவில்லை. நான்கு புள்ளி குறைந்து வீடு இல்லாமல் போயிற்று. அறிவித்தல் பலகைக்கு முன்னால் அம்மாவும் ராசுவைப் போலத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு அவளே அப்படி ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, இந்தப் புள்ளிக் கணக்கால் ஒருவரையும் நோகவிட மாட்டேன் என்று நினைத்திருந்தாள். எப்போது மறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொழுது சாய அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, வாய்க்கால்கரையில் ராசு பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தான். ஓட்டோ நிற்கும் முன்னே செம்பி பாய்ந்து அவன் காலைச் சுற்றியது.

"அண்ணை, பிழை என்ரதான். ரீச்சர்தான் மில்லடியில விட்டிருக்கிறா" என்றாள் சுதாஜினி. "மூண்டு மாசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா புடிச்சிட்டுப் போயிருவீங்கன்னு பயம் மிஸ்." அவன் செம்பியின் தலையைத் தடவினான். "அன்னைக்கு வீடு கேட்டீங்க, மதில் கேட்டீங்க, போன் கேட்டீங்க. நாய் ஏன் வேணும்னு மட்டும் நீங்க கேக்கவே இல்ல."

"ஏன் அண்ணை வேணும்?"

"எம் பொஞ்சாதி சுமித்திரா கார்மென்ட்ஸுக்குப் போறவ. விடிய முந்தி பஸ். இந்த வாய்க்கால் ஓரமா ஒன்றரை மைல் தனியா நடக்கணும். ஒருக்கா ரெண்டு பேரு மறிச்சுட்டானுங்க. எனக்கு அந்த நேரம் வயல்ல வேல. இது வந்ததுல இருந்து இதுதான் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரும். சாயந்தரமும் போய் நிக்கும். இன்னைக்கு இது இல்லாததால நான் போறேன்."

ராசுவும் செம்பியும் ஓட்டோவில் ஏறிக்கொண்டார்கள். பிரதான வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் வந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் இறங்கினார்கள். அத்தனை பேருக்குள்ளும் செம்பி நேரே ஒருத்தியிடம் ஓடி, அவள் கைப்பையை முகர்ந்து, அவளுக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. வேலைக்கு வந்த ஆள் நேரத்தைப் பார்ப்பது போல இருந்தது அது.

நடந்ததைச் சுதாஜினியே சுமித்திராவிடம் சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டாள்.

சுமித்திரா உடனே முகம் மலர்ந்துவிடவில்லை. "நாயத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க, சரி மிஸ். இவரக் கள்ளன்னு சொன்னது எங்க வச்சு?"

"உங்கட வீட்டு வாசல்ல."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"ஓம்."

"அப்ப மன்னிப்பையும் அங்க வந்து கேளுங்க. ரோட்டுல கேட்டா ரோட்டுக்குத்தான் தெரியும்."

சுதாஜினி போனாள். மத்தியானம் நின்ற அதே இடத்தில் நின்றாள். அதே ஆட்கள் வெளியே வந்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் தடக்காத அவள் குரல் தடக்கியது.

"மத்தியானம் ராசு அண்ணையைக் கள்ளன் எண்டு சொன்னனான். அவர் களவெடுக்கேல்லை. ஆரோ எறிஞ்சுவிட்டுப் போனதை எடுத்து வளத்தவர். அவர் சொன்னதையும் நம்பேல்லை, நீங்கள் சொன்னதையும் நம்பேல்லை. மதில் கட்டின வீட்டில இருந்து வந்த பொய்யை மூண்டு மாசமா நம்பினனான். வீட்டையும் வந்த ஊரையும் பாத்து ஆளை மதிச்சது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ராசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுமித்திரா உள்ளே போய்த் தேத்தண்ணீருக்குக் கேத்தலை வைத்தாள்.

வடிவம்மாதான் முன்னுக்கு வந்தாள். "மிஸ், எனக்கும் ஒரு குட்டி கெடைக்குமா?"

"பெட்டைதான் இருக்கு அம்மா."

"இருக்கட்டுமே. பெட்டைன்னா சோறு திங்காதா?"

சுதாஜினி தோள்பையைத் திறந்தாள். படிவம் கையில் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுக்காமல் பையை மூடினாள். "ஏன் வேணும் அம்மா?" என்று கேட்டுவிட்டு, வடிவம்மா சொன்னதை முழுவதும் இருந்து கேட்டாள். குட்டி பால் மறந்ததும் தருவதாகவும், வளர்ந்ததும் ஒப்பரேசனுக்குத் தானே கூட்டிப்போவதாகவும், மாதம் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னாள்.

திரும்பி வரும்போது கிருசாந்தன் சிரித்தான். "என்னக்கா, மதில் இருக்கோ எண்டு கேக்கேல்லை?"

"விடிய எங்கட கேற்றடியில உரப்பை போட்ட ஆளுக்கும் மதில் இருக்கும், கிருசாந்தன்" என்றாள் சுதாஜினி. "நாயை வளக்கிறது மனுசர்தான். இனி நான் மனுசரைத்தான் பாப்பன்."