பூஜைக்கு எடுத்த கட்டைகள்

காஜா பேராங் ஊர்ச் செங்கல் சூளையில் மண் இழுக்கிற சின்ன ரயில் ஒன்று இருந்தது. ரயில் என்றால் சிரிப்பீர்கள். இரண்டடி அகலத் தண்டவாளம், அதன்மேல் இரும்புத் தொட்டி வண்டிகள், அவ்வளவுதான். ஆனாலும் சர்க்கார் சட்டத்துக்கு அதுவும் ரயில்தான். வருஷத்துக்கு ஒருமுறை இயந்திரச் சோதனை இலாகாவின் வெள்ளைக்காரத் துரை வந்து பார்ப்பார். மேட்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு, அது உருளாதபடி எந்நேரமும் கட்டை கொடுத்திருக்க வேண்டும் என்ற விதி, இங்கிலீஷில் எழுதிக் கொட்டகையில் மாட்டியிருந்தது. பலகை இருக்கிறதா என்று துரை பார்ப்பார். இருக்கும். போய்விடுவார். அதைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று அவரும் கேட்டதில்லை, சூளை முதலாளியான சீனத் தவுக்கேயும் சொன்னதில்லை.

நான் காதர் மைதீன், அந்த இலாகாவில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். சோதனைக்கு வரும்போது என்னை அழைத்து வரமாட்டார்கள். யாராவது செத்தால்தான் அழைப்பார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, மெர்டேக்கா கொண்டாடி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆயுத பூஜை. வண்டி தள்ளும் மருதமுத்துவின் மனைவி பூங்காவனம், புருஷன் கை படுகிற சாமான் ஒன்றையும் விடவில்லை. மண்வெட்டி, கயிறு, கடப்பாரை, கூடவே சக்கரத்துக் கட்டைகள் இரண்டு. எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் பூசிப் பூஜையில் வைத்தாள். அன்றைக்கு வேலை கிடையாது, வண்டி ஓடாது, கட்டை எதற்கு என்று நினைத்தாள். மேட்டில் நின்ற வண்டியையும் சக்கரம் பளபளக்கக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். அந்தப் பலகைக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தது.

சுண்டல் வாங்கிய பிள்ளைகள் ஜோடித்த வண்டியில் ஏறினார்கள். வண்டி சரிவில் இறங்கியது. மற்ற பிள்ளைகள் குதித்துவிட்டார்கள். பூங்காவனத்தின் மகள் ஜெயா குதிக்கவில்லை. கீழே மண் எடுத்த குழியில் தண்ணீர் நின்றது.

விசாரணைக்கு நானும் துரையும் போனோம். நாட்டுக்குக் கொடி மாறியிருந்தது, எங்கள் துரை மாறவில்லை. கொட்டகைக்குப் பின்னால் மருதமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாய், ஒரு உதவி. பசங்க தள்ளி விட்டுட்டாங்க, கட்டை இருந்திருந்தாலும் வண்டி ஓடித்தான் இருக்கும்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அத நம்பித்தான் அவ கஞ்சி குடிக்கிறா. துரை வேற மாதிரி சொன்னா நீங்க தமிழ்ல சொல்லாதீங்க."

"மருதமுத்து, நான் உள்ளத உள்ளபடி சொல்றேன்னு சத்தியம் பண்ணிட்டு நிக்கிறவன்" என்றேன்.

"அவளும் போயிட்டா நான் என்ன பாய் பண்றது?"

நான் கையை விடுவித்துக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

கட்டைகளை எடுத்தது யார் என்று துரை கேட்டார். "நான்தான்" என்றான் மருதமுத்து. உடனே பூங்காவனம் முன்னால் வந்தாள்.

"இல்லீங்க ஐயா, அவரு மேல பழி வேணாம். நான்தான் எடுத்தேன். சாமிக்குத்தான எடுத்தேன், அதுல தப்பு ஒண்ணும் இல்லயே? வண்டிய பசங்க தள்ளிட்டாங்க."

மொழிபெயர்த்தேன்.  துரை கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் வினை. கட்டைகள் மட்டும் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தள்ளியும் வண்டி அசைந்திருக்காது, இதை இந்தப் பெண்ணுக்கு நன்றாக விளக்கு என்றார்.

நான் பூங்காவனத்தைப் பார்த்துச் சொன்னேன்: "தண்டவாளம் ரொம்பப் பழசாம், அம்மா. கட்டை இருந்தாலும் நின்னிருக்காதுன்னு துரை சொல்றாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். மருதமுத்து என்னைப் பார்த்துக் கும்பிட்டான். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் பேசிய ஒரே பொய் அது. அதற்காக எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் துரைக்குத் திருப்தி இல்லை. இனியாவது எல்லாரும் விதியைத் தெரிந்துகொள்ளட்டும் என்று இன்னொரு வண்டியை மேட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். தாமே குனிந்து இரண்டு கட்டைகளையும் சக்கரத்தடியில் கொடுத்தார். நான்கு ஆட்களைத் தள்ளச் சொன்னார். அவர்கள் தோள் கொடுத்து முக்கினார்கள். வண்டி அசையவில்லை. பிறகு வண்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கட்டைகளை உருவச் செய்தார். பிள்ளைகள் ஏறின கனத்துக்காகத் தொட்டியில் பத்துச் செங்கல் போட்டுக் கயிற்றைத் தளர்த்தினார்கள். ஒருவரும் தள்ளவில்லை. வண்டி தானாகவே சரிவைப் பார்த்து நகர்ந்தது.

 என்ன சொல்லி இதை மறைப்பது? மருதமுத்து அவளை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. வண்டியைப் பார்த்தாள், கட்டைகளைப் பார்த்தாள், பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. துரைக்கு நேராகப் போய் நின்றாள்.

"இத முன்னாடியே ஒரு தடவ காட்டியிருக்கலாமே ஐயா" என்றாள்.

துரை என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னேன்.