கம்பெனி கொடுத்த பஸ்

விடியும் முன்பே இரும்பு ஏணியில் ஏறியிருந்தோம். ஏணிக்கு மேலே இருப்பது, எரிவாயு மின்நிலையத்தின் ராட்சத இயந்திரம் காற்றை உறிஞ்சுகிற வாய். ஒரு வீட்டளவு இருக்கும். சுவர் முழுக்க உருளை உருளையாக வடிகட்டிகள். பழையதைத் திருகிக் கழற்றினால் மண்ணும் கரியும் பூச்சி இறகும் முகத்தில் கொட்டும். கனத்த உருளையைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் ஏணியைப் பிடித்து இறக்க வேண்டும். தோல் உரிந்த இடத்தில் வியர்வை இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். பட்டம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் இங்கே தொங்குகிறேன்.

"சீக்கிரம் வாங்கடி! மெஷினுக்கு மூச்சு முட்டுதாம்!" என்று கீழிருந்து கத்தினாள் வெண்கலம். குரலுக்காக நாங்கள் வைத்த பெயர்.

"அதுக்கு முட்டினா மாத்த நாம இருக்கோம். நமக்கு முட்டினா?" என்றேன்.

அவள் கை நீட்டி என் தோளிலிருந்த உருளையை வாங்கிக்கொண்டாள். என் தங்கையை அவளுக்குத் தெரியும்.

நாங்கள் இறங்கியதும் இயந்திரம் கிளம்பியது. புகைபோக்கியிலிருந்து மஞ்சளும் பழுப்புமாய்ப் புகை சுருண்டது. காலையில் ஒரு தரம், ஊர் விளக்குப் போடுகிற மாலையில் ஒரு தரம், கிளம்பும்போது மட்டும் அந்த நிறம். மற்ற நேரம் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. சட்டத்திலும் ஓட்டை: கிளம்புகிற நேரத்துப் புகை வரம்புக் கணக்கில் சேராது. குடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஒருத்தன் குடிகாரன் இல்லை என்பது மாதிரி.

வீட்டில் தங்கை முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது. கையில் இன்ஹேலர்.

"கிளப்பிட்டாங்கதானேக்கா? உனக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. இடத்தை மாற்றுங்கள் என்றார் டாக்டர். எங்கே போவது? எனக்கு அழுகை வரவில்லை. மேனேஜரின் கழுத்துதான் நினைவுக்கு வந்தது.

புகைபோக்கியை ஒட்டிய குடியிருப்பு மக்கள் அலைந்து அலைந்து மனுக் கொடுத்ததில் ஓர் அரசு விசாரணைக் கூட்டம் வந்தது. புகை வரம்பைக் கடுமையாக்க வேண்டும், கிளம்புகிற புகையையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது கோரிக்கை. மறுநாளே மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். மேசையில் நீலச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

"எல்லாருக்கும் சட்டை, சாப்பாடு, பஸ். கூட்டத்துல வந்து உக்காந்தா போதும். கடுமையாக்க வேணாம்னு ஒருத்தர் பேசணும். நீ படிச்ச பொண்ணு, நீயே பேசிடு."

"பேசலைன்னா சார்?"

"வரம்பு வந்தா செலவு. செலவு வந்தா மூடிடுவோம். அப்புறம் உன் பட்டத்தை வெச்சு விசிறிக்கோ."

"புகைபோக்கிக்கு ஒரு வடிகட்டி வெச்சா மூடணுமா சார்? மெஷின் இழுக்கிற காத்துக்கு வெக்கிறீங்களே?"

"அது மெஷின்மா! கெட்டுப்போனா கோடிக்கணக்குல நஷ்டம்."

சொன்னது என்னவென்று அவன் காதிலேயே விழவில்லை. எனக்கு விழுந்தது. கறுவிக்கொண்டு, "பேசறேன் சார்" என்றேன்.

அவன் செய்த தவறு அந்த பஸ்தான். வடிகட்டி மாற்றுகிற மூன்று ஷிப்ட் ஆட்களும் ஒருவரையொருவர் பார்க்காதபடி மூன்று வாசல் வைத்து வேலை வாங்கினவன், கூட்டத்தன்று எல்லோரையும் ஒரே பஸ்ஸில் தோளோடு தோள் அடைத்தான்.

"காலை ஷிப்ட் எல்லாம் கம்பெனிக்கு உளவு சொல்ற ஆளுங்களாமே?" என்று முறைத்தார் ராத்திரி ஷிப்டின் ஏணிக்காரர்.

"அடப்பாவி, உங்களைத்தான் எங்ககிட்ட அப்படிச் சொன்னான்!" என்றாள் வெண்கலம். பஸ்ஸே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் ஏணிக்காரர் மெல்லச் சொன்னார். "என் வீட்டுக்காரி படுத்துத் தூங்கியே ரொம்ப நாளாச்சும்மா. உக்காந்துதான் தூங்கறா."

ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி மூச்சுக்குத் திணறுகிற ஒருத்தர் இருந்தார்.

"வேலை போயிட்டா?" என்றது பின் இருக்கை.

"ஒருத்தர் எதிர்த்து நின்னா ஒருத்தரைத் தூக்குவான். எல்லாரும் நின்னா? அந்தத் தொப்பையோட அவனே ஏணி ஏறட்டும்!" என்றாள் வெண்கலம்.

கூடத்தில் என் முறை வந்தது. முன்வரிசையில் மேனேஜர் கால்மேல் கால் போட்டிருந்தான்.

"அதே ஆலையில வேலை செய்யறவ நான். வரம்பைக் கடுமையாக்குங்க. கிளப்புற நேரத்தையும் சேத்து அளங்க. மெஷின் கெட்டா கோடி போகும்னு எங்க மேனேஜர் சொன்னாரு. என் தங்கச்சி நுரையீரல் கெட்டா எவ்வளவு போகும்னு அவரையே கேளுங்க."

மேலே போட்ட கால் இறங்கியது. அந்த முகம் வெளுத்ததை ஆசைதீரப் பார்த்தேன். பொய் சொல்வானேன், இனித்தது.

"இவ ஒருத்தி பேச்சு இது! மத்தவங்க..." என்று திரும்பினான்.

மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். அவன் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை, வரிசை வரிசையாக. எங்களை எதிரிகள் என்று நினைத்து முறைத்துக்கொண்டிருந்த குடியிருப்புக்காரர்களும் எழுந்தார்கள்.

அதிகாரி, "பரிசீலிப்போம்" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. வெளியே வந்தால் பஸ் இல்லை, மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டான். எல்லோரும் சேர்ந்தே நடந்தோம், நாளை எந்த வாசலில் கூடுவது என்று பேசியபடி.

குடியிருப்புத் தெருவில் நுழைந்தபோது மாலையாகி, இயந்திரம் கிளம்பிவிட்டது. பழுப்புப் புகை கூரைகளின் மேல் இறங்கியது. பின்னால் ஹாரன்: ஆலைக்குப் போகும் மேனேஜரின் கார். தெருவை அடைத்து நடந்தோம். யாரும் ஒதுங்கவில்லை.

வெண்கலம் கண்ணாடியைத் தட்டினாள். "இறக்குங்க சார், நல்லா காத்து வரட்டும்!"

கண்ணாடி இறங்கவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"மெதுவா நடங்க எல்லாரும். இந்தப் புகையில இன்னும் ரெண்டு தெரு இருக்கு அவருக்கு."